கணக்கில் எழுபத்தெட்டு

நான் பத்தாம் வகுப்பு பாஸ் இல்லை. ஏழு வரைக்கும்தான் படித்தேன். இதை இப்போது என்னால் எழுத முடிகிறது. ஆனால் பதினாறு வருஷம் இதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் பயந்து கிடந்தேன்.

பொய்யை நான் சொல்லவில்லை, என் தாய்மாமா சொன்னார். போடியில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் மட்டாஞ்சேரித் தமிழர்கள். தாத்தா காலத்திலேயே கொச்சிக்குப் போய்விட்ட குடும்பம். மாப்பிள்ளை லோடு ஆட்டோ ஓட்டுகிறார், பத்தாவதில் இரண்டு தடவை தோற்றவர். வருகிற பெண்ணாவது படித்தவளாக இருக்க வேண்டும் என்று அவருடைய அம்மா கேட்டார். மாமா யோசிக்கவே இல்லை. "பத்து பாஸுங்க. கணக்குல எழுபத்தெட்டு" என்றார். மார்க்கை அவரிடம் எவரும் கேட்கவில்லை. அவராகவே சேர்த்துக்கொண்டார்.

நான் தலையைக் குனிந்து நின்றேன். எட்டாம் வகுப்பில் சேர வேண்டிய ஜூன் மாதம் நான் ஏலக்காய் பொறுக்கும் குடோனில் சேர்ந்தவள். சேர்த்துவிட்டதே இந்த மாமாதான்.

கல்யாணத்துக்குப் பிறகு சர்டிபிகேட்டைக் கேட்டார்கள். கறையான் அரித்துவிட்டது என்றேன். அதுதான் நானாகச் சொன்ன பொய்.

என் வீட்டுக்காரர் அந்த எழுபத்தெட்டை விடவே இல்லை. ஆட்டோ ஸ்டாண்டில் சொல்வார், கல்யாண வீட்டில் சொல்வார். ரேஷன் கார்டு ஃபாரம், வண்டி இன்ஷூரன்ஸ் ஃபாரம், எது வந்தாலும் என் முன்னால் வைப்பார். "நீ எழுது, நீதான் படிச்சவ." நான் மலையாளம் படிக்கக் கற்றுக்கொண்டது பஸ் போர்டுகளையும் இந்த ஃபாரங்களையும் பார்த்துத்தான். ஒவ்வொரு ஃபாரத்தையும் பயந்துகொண்டே எழுதினேன். தப்பு வந்தால் பிடிபட்டுவிடுவேன். அதனால் தப்பு வராமல் எழுதினேன். அது அவருக்குப் படிப்பாகத் தெரிந்தது.

ஃபாரத்தைச் சமாளிக்கலாம். கணக்கைச் சமாளிக்க முடியாது.

என் மகள் மலையாள மீடியத்தில் ஒன்பதாம் வகுப்புப் படித்த வருஷம் அது. அவளுக்கு டியூஷன் எடுத்த பெண் கல்யாணம் ஆகி ஆலுவாவுக்குப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் மகள் கணக்கு நோட்டை விரித்துக்கொண்டு அவள் அப்பாவிடம் புலம்பினாள். அவர் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார், "வீட்ல உங்கம்மா இருக்காளே. எழுபத்தெட்டு வாங்கினவ. அவகிட்ட கேக்காம என்கிட்ட கேக்குற. நான் எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தடவை படிச்சு மறந்தவன்."

"அம்மா, பஹுபதம் பெருக்கத் தெரியுமோ?"

பஹுபதம். தமிழில் பல்லுறுப்புக்கோவை என்று சொல்வார்கள் என்பதே எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்றுதான் அந்தச் சொல்லையே முதல் தடவையாகக் கேட்டேன்.

"போன்ல பாத்துக்கயேன்."

"போன்ல பாத்து எழுதினா டீச்சர் கண்டுபிடிச்சிருவாங்க. போன மாசம் ஒருத்தியை எழுந்து நிக்க வச்சாங்க."

"சரி, நோட்டை வச்சிட்டுப் போ. பாத்திரம் கழுவிட்டுப் பாக்குறேன்."

மறந்துபோச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் எழுபத்தெட்டு வாங்கியவள் ஒரு ஒன்பதாம் வகுப்புக் கணக்கையாவது போடுவாள் என்று அவர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பாத்திரத்தை அரை மணி நேரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன்.

முதல் கணக்கு: (x + 3)(x + 5). எழுத்தும் எண்ணும் ஒன்றாகக் கிடந்தன. இரண்டு அடைப்புக்குறிக்கும் நடுவில் பெருக்கல் குறிகூட இல்லை. பெருக்க வேண்டும் என்று மகள் சொன்னதால் தெரியும்.

என் பிழைப்பு பொறுக்குவது. போடியில் ஏலக்காய், இங்கே கொச்சங்காடி குடோனில் சுக்கு. குவியலை முன்னால் போட்டுக்கொண்டு உடையாத முழுத் துண்டை, விரல் என்போம், ஒரு தட்டில், உடைசலை ஒரு தட்டில், பூச்சி அரித்ததை ஒரு தட்டில் போட வேண்டும். இந்த வேலையில் ஒரே ஒரு சட்டம்தான். கலக்கக் கூடாது. பதின்மூன்று வயதில், பெரிய காய்த் தட்டில் ஒரு சின்னக் காய் விழுந்ததற்காக மண்டையில் அடி வாங்கியிருக்கிறேன். கலக்காதே, கலக்காதே என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான்.

அந்தக் கணக்கைப் பார்த்தபோது என் கை தானாகப் பிரித்தது. இந்த எக்ஸ் அந்த எக்ஸோடு. இந்த எண் அந்த எண்ணோடு. எக்ஸையும் எக்ஸையும் பெருக்கினால் எக்ஸுக்கு மேல் சின்னதாக இரண்டு போடுவார்கள் என்பது மகளின் பழைய நோட்டில் இருந்தது. மூன்றையும் ஐந்தையும் பெருக்கினால் பதினைந்து. x² + 15. எழுதிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. ஒன்றோடு ஒன்று கலக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, இவ்வளவுதானா, இதற்கா பயந்தோம் என்று.

பத்துக் கணக்கையும் அப்படியே போட்டேன். எட்டாவதில் கொஞ்சம் முரண்டு: (2x + 3)(x² + 4x + 1). ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் மூன்று. 2x-ஐ 4x-உடன் சேர்த்தேன், மூன்றை ஒன்றுடன் சேர்த்தேன். x²-க்கு ஜோடி இல்லை. ஜோடி இல்லாததைத் தனியே ஒதுக்கிக் கடைசியில் கூட்டிவிட்டேன். குடோனில் அப்படித்தான் செய்வோம்.

மகள் பார்த்து எழுதிக்கொண்டாள். "ஈஸியா இருக்கே அம்மா" என்றாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் பையை வாசலிலேயே போட்டாள்.

"பத்தும் தெற்று."

தெற்று என்றால் தப்பு. அந்த மலையாள வார்த்தை அன்றுபோல் என்றும் என்னைக் குத்தியதில்லை.

"பத்துமா?"

"பத்தும். என்னைப் பாத்து நாலு பேரு எழுதினாங்க. அவங்களுதும் தெற்று. அஞ்சு நோட்டுலயும் ஒரே தெற்று. அவங்க என்கூடப் பேசல." மூக்கை உறிஞ்சினாள். "யாரு சொல்லித் தந்ததுன்னு டீச்சர் கேட்டாங்க. எங்கம்மா, பத்து பாஸ், கணக்குல எழுபத்தெட்டுன்னு சொன்னேன். நாளை கழிஞ்சு உன்னை வரச் சொன்னாங்க."

அந்த எழுபத்தெட்டு பள்ளிக்கூடம் வரைக்கும் போய்விட்டது.  அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் படித்தவர். ஒரு கேள்வி கேட்டால் போதும், தெரிந்துவிடும். மகளுக்குத் தெரிந்தால் அவள் அப்பாவுக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கக்கூட முடியவில்லை. அவர் என்னை அடித்ததில்லை. அடிப்பவராக இருந்தால் பயம் அதோடு போகும். அவர் என்னை நினைத்துப் பெருமைப்படுகிறவர். அது போய்விட்டால் அந்த வீட்டில் நான் யார்?

நாளை மறுநாள் போக வேண்டும். நடுவில் எனக்கு ஒரு நாள் இருந்தது. ஒரு நாளில் கற்றுக்கொள்ள வேண்டும். கேட்க ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள், அவளை நான் கேலி செய்திருந்தேன்.

குடோனில் எனக்கு எதிர் வரிசையில் உட்காரும் இத்தா அவள். முஸ்லிம் அக்காக்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். மட்டாஞ்சேரிக்காரி, நாற்பத்தாறு வயது, பேரப்பிள்ளை எடுத்தவள். பெரியவர்கள் பத்தாவது எழுதுவதற்கு அரசாங்கம் நடத்தும் வகுப்புக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்க்கொண்டிருந்தாள். அவள் சேர்ந்த அன்று, "எதுக்கு இத்தா, கலெக்டர் வேலைக்கா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டவள் நான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பொறாமை. அவள் வெளியில் சொல்லிவிட்டுப் படிக்கிறாள்.

மறுநாள் சாயா நேரத்தில் மகளின் நோட்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இத்தா, மகளுக்கு ஒரு கணக்கு."

"நீ பத்து பாஸல்லே?"

"மறந்துபோச்சு."

"மறக்கும் மறக்கும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை படிச்சது திங்கள்கிழமை மறக்கும். பின்னே உனக்கு கல்யாணமாகியே பதினாறு வருஷம்." நோட்டை வாங்கினாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு முதல் பக்கத்தைப் பார்த்தாள். அடுத்த பக்கத்தைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"எடி, இது மறந்தவ போட்ட கணக்கில்ல. இது படிக்கவே செய்யாதவ போட்ட கணக்கு."

நான் சாயா கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 

"எத்தனை வரைக்கும்?"

"ஏழு."

"வீட்ல தெரியாது?"

"தெரியாது."

"அள்ளாவே" என்றாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "எனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு கேளு. முதல் ஞாயிறு நானும் இப்படித்தான் போட்டேன். என் பக்கத்துல மிளகு குடோன்காரி ஒருத்தி, அவளும் இப்படித்தான். சார் தலையில கை வச்சிட்டார். நம்ம ஆளுங்க எல்லாம் இப்படித்தான் போடுவோம். கலக்கப் பயம்."

சாக்கில் அடையாளம் போடும் சாக்குக்கட்டியை எடுத்துத் தரையில் எழுதினாள். (x + 3)(x + 5).

"எக்ஸ்னா என்ன? தெரியாத எண். அவ்வளவுதான். இப்ப ரெண்டுன்னு வை. இந்தப் பக்கம் எவ்வளவு?"

"அஞ்சு."

"அந்தப் பக்கம்?"

"ஏழு."

"அஞ்சேழு?"

"முப்பத்தஞ்சு."

"இப்ப உன் விடையில ரெண்டைப் போடு. ரெண்டு ரெண்டு நாலு, கூட பதினஞ்சு. பத்தொன்பது. பாக்கி பதினாறு எங்கே போச்சு? நீ தின்னியா?"

அப்போதுதான் என் தப்பு எனக்குத் தெரிந்தது. அதுவரைக்கும் டீச்சர் தப்பு என்றதால் தப்பு. இப்போது பதினாறு குறைகிறது, என் கண் முன்னாலேயே.

"பெருநாளைக்கு எங்க வீட்டுக்கு வந்திருக்கியல்லே. நாங்க ரெண்டு பேரு, அடுத்த வீட்ல ரெண்டு பேருன்னு வை. எல்லாரும் எல்லாரையும் கட்டிப் பிடிக்கணும். பெரியவ பெரியவளைப் பிடிச்சா, சின்னவ சின்னவளைப் பிடிச்சா, முடிஞ்சுதுன்னு பிரியாணிக்கு உக்காந்தா என்ன ஆகும்?"

"சண்டை வரும்."

"அந்தச் சண்டைதான் உன் பத்து கணக்கும். எக்ஸ் போய் எக்ஸைப் பிடிக்கணும், அஞ்சையும் பிடிக்கணும். மூணு போய் எக்ஸைப் பிடிக்கணும், அஞ்சையும் பிடிக்கணும். எத்தனை பிடி?"

"நாலு."

"எழுது."

எழுதினேன். x², 5x, 3x, 15. எண்ணும் எக்ஸும் ஒட்டிக்கொண்டு ஒன்றாக நிற்பதைப் பார்க்க எனக்குக் கூசியது. கலப்படம் மாதிரி இருந்தது.

"இப்ப பொறுக்கு" என்றாள். "உன் வேலை இப்பதான். 5x-உம் 3x-உம் ஒரே ரகம். ஒரே தட்டுல போடு."

"8x."

"ரெண்டை வச்சுப் பாரு."

நாலு, கூடப் பதினாறு, கூடப் பதினைந்து. முப்பத்தைந்து.

சூப்பர்வைசர் உள்ளே வந்து, "ரெண்டு பேரும் பரீட்சை எழுதப் போறீங்களா, சுக்கு யாரு பொறுக்குவா?" என்று கத்தினார். இத்தா தரையில் எழுதியதைக் காலால் தேய்த்தாள்.

அன்று முழுக்கக் கை சுக்கில் இருந்தது, வாய் முனகிக்கொண்டிருந்தது. அது அதைப் பிடிக்கணும், அது இதையும் பிடிக்கணும். சட்டென்று புரிந்துவிட்டது என்று சொன்னால் பொய். எட்டாவது கணக்கை மூன்று தடவை போட்டேன். 2x மூன்று பேரையும் பிடிக்க வேண்டும், மூன்றும் மூன்று பேரையும் பிடிக்க வேண்டும், ஆறு பிடி. மூன்றாவது தடவைதான் இத்தா தலையாட்டினாள். பல வருஷம் கழித்து அன்றுதான் என் முழு விரல் தட்டில் உடைசல் கலந்திருந்தது. சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். அது பெரிதாகப் படவில்லை.

போகும்போது இத்தா சொன்னாள், "ஏழு பாஸானா போதும், ஞாயிற்றுக்கிழமை கிளாஸ்ல சேரலாம். கலெக்டருக்கு ரெண்டு நாற்காலி போடச் சொல்றேன்."

அடுத்த நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் ரூமுக்கு வெளியில் மகளோடு நின்றபோது முதுகு வேர்த்து ஜாக்கெட் ஒட்டிக்கொண்டது. டீச்சர் என்னைவிடச் சின்னவர். அது இன்னும் மோசம். "வாங்க சேச்சி, இருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். மலையாளத்தில் மெதுவாகப் பேசினார்.

"ஐந்து பேரும் ஒரே மாதிரி தப்பு செய்திருந்தார்கள். யாராவது டியூஷன்காரர் இப்படிச் சொல்லித் தருகிறாரா என்று பார்க்கத்தான் கூப்பிட்டேன். இவளோ அம்மாதான் சொல்லித் தந்தார் என்கிறாள்."

"டீச்சர், அது அவசரத்தில போட்டது" என்றேன். வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்த வார்த்தை. "இப்ப சரியாப் போட்டுக் காட்டுறேன்."

அவர் ஒரு தாளில் எழுதித் தந்தார். (x + 4)(2x + 1).  ஒவ்வொன்றுக்கும் மேல் ஒரு வளைகோடு போட்டு, யார் யாரைப் பிடித்தார்கள் என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். 2x², x, 8x, 4. பிறகு பொறுக்கினேன். 2x² + 9x + 4.

"சரி" என்றார் டீச்சர். மகள் என் தோளில் கை வைத்தாள். தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

டீச்சர் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டுகிற முகமே இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். "இவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறதே சேச்சி. அவசரத்தில் ஒன்றிரண்டு தவறலாம். பத்தையும் எப்படி ஒரே மாதிரி தப்பாகப் போட்டீர்கள்?"

இந்தக் கேள்வியை நான் யோசிக்கவே இல்லை. சரியாகப் போடுவதற்குத்தான் பயந்துகொண்டு வந்தேன். சரியாகப் போட்டதுதான் என்னை மாட்டிவிட்டது. ஏதாவது சொல்ல வேண்டும். தலைவலி என்று சொல்லலாம், கண்ணாடி இல்லை என்று சொல்லலாம். மாமா வாயைத் திறந்ததும் எண் வந்து விழுந்த மாதிரி எனக்கும் ஏதாவது வந்து விழுந்திருக்க வேண்டும். எதுவும் வரவில்லை. 

"நேத்துத்தான் கத்துக்கிட்டேன் டீச்சர்" என்றேன். "நான் ஏழாவதுதான்."

தோளில் இருந்த கை எடுக்கப்பட்டது.

டீச்சர் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தைதான், காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் மகள் எனக்கு நாலடி முன்னால் நடந்தாள். லாரி ஒன்று சாக்கு இறக்கிக்கொண்டிருந்ததால் தெருவில் வழி இல்லை. அங்கே நிற்க வேண்டி வந்தது. அப்போது திரும்பினாள்.

"எழுபத்தெட்டு?"

"அதுவும் இல்ல."

"நான் கிளாஸ் முழுக்கச் சொன்னேன். இப்ப டீச்சருக்குத் தெரியும்." கண் சிவந்திருந்தது. "அச்சன்கிட்ட நான் சொல்லமாட்டேன். நீயே சொல்லிக்கோ."

அவள் அப்பாவை அச்சன் என்றுதான் கூப்பிடுவாள். கோபம் வந்தால் அந்த வார்த்தை ரொம்பக் கடினமாக வரும்.

அவர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "ஏங்க, நான் பத்தாவது படிக்கல. ஏழாவதுதான்."

அவர் துணியைப் பிழிந்தார். "எழுபத்தெட்டு?"

"மாமா சும்மா சொன்னது."

"சும்மா சொல்றதுன்னா தொண்ணூறுன்னு சொல்லியிருக்கலாமே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை.

"வேற என்ன பொய்?"

"கறையான் அரிக்கல. வேற ஒண்ணுமில்ல."

வண்டியை எடுத்துக்கொண்டு தோப்பும்படிக்கு மீன் லோடு ஏற்றப் போய்விட்டார். அன்று சாப்பிட வரவில்லை. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. "உங்கம்மாகிட்ட சாவி எங்கேன்னு கேளு" என்று மகளிடம் சொல்வார். மகள் என்னிடம் கேட்காமல் தானே தேடுவாள். நான் சோறு வைத்தேன், வேலைக்குப் போனேன், வந்தேன். அடுத்தவர் வீட்டில் வேலைக்கு இருக்கிற மாதிரி சத்தம் வராமல் நடந்தேன். போடிக்கு அனுப்பிவிடுவாரோ என்று ஒவ்வொரு தடவை வண்டிச் சத்தம் கேட்கும்போதும் பயந்தேன். மாமா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் போன் போட்டுத் திட்டியிருப்பேன்.

நாலாம் நாள் சாயங்காலம் அவர் உள்ளே வந்து, நாலாக மடித்த ஒரு தாளை என் முன்னால் போட்டார். ஓரமெல்லாம் அழுக்கு. வண்டி பெர்மிட் புதுப்பிக்கிற ஃபாரம். வண்டியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் சுற்றியிருக்கிறார்.

"எழுது."

நான் மடிப்பைப் பிரித்தேன்.

"ஸ்டாண்டுல கேட்டேன். பத்து பாஸானவன் ரெண்டு பேரு இருக்கான். ஒருத்தன் போன வருஷம் தன் பேரையே தப்பா எழுதி, ஃபாரம் திரும்பி வந்துச்சு. இன்னொருத்தன் அவனைப் பாத்து எழுதினவன்."

சட்டையைக் கழற்றிக்கொண்டே குளிக்கப் போனார். மகள் தன் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், பேனாவை மட்டும் என் பக்கம் உருட்டிவிட்டாள்.

எழுதினேன். பழையபடி பயந்துகொண்டுதான். முடித்துவிட்டு, முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரைக்கும் மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் கொடுத்தேன்.